எத்தனை பேர் கூடினால் தொழிற்சாலை?

தொழிற்சாலை என்றதும் புகைபோக்கியும் ஆலைச் சங்கும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் எந்திரம் மட்டும் தொழிற்சாலையை உண்டாக்கிவிடவில்லை. வீட்டு ராட்டையையும் தறியையும் விட்டு மக்கள் ஒரே கூரையின்கீழ், ஒரே முதலாளியின் மணியோசைக்குக் கட்டுப்பட்டு, கூலிக்கு உழைக்க வந்தபோதுதான் அது பிறந்தது. 1771இல் இங்கிலாந்தின் குரோம்ஃபோர்டில் ரிச்சர்ட் ஆர்க்ரைட் நீர்விசையால் ஓடும் நூற்பாலையை நிறுவினார். பின்னர் நீராவி வந்தது. ஆலைகள் நகரங்களுக்குள் புகுந்தன.

நம் மும்பையில் காவஸ்ஜி நானாபாய் தாவர் 1854இல் தொடங்கிய கம்பெனியின் ஆலை, 1856இல் ஓடத் தொடங்கியது. கொங்கணத்து உழவர் மக்கள் ஆலைக்கூலிகளானார்கள். பொழுது விடிந்தது முதல் சாயும்வரை வேலை. வாரத்தில் ஒரு நாள் ஓய்வைக்கூட, நாராயண் மேகாஜி லோகண்டே தலைமையில் திரண்டு கேட்டுத்தான் 1890இல் பெற்றார்கள். தம் லாபத்துக்காக முதலாளி கூட்டிய கூட்டமே, உரிமை கேட்கும் கூட்டமாகவும் மாறியது. தொழிற்சாலையின் வரலாறு இதுதான்.

சட்டமோ தலையை எண்ணியது. 1881ஆம் ஆண்டுச் சட்டப்படி, எந்திர விசையுடன் நூறு பேர் உழைத்தால்தான் அது தொழிற்சாலை. 1891இல் அது ஐம்பதாயிற்று, 1922இல் இருபது, விடுதலைக்குப் பின் 1948இல் பத்து. படிப்படியாக இறங்கிய இந்த எண், 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தொகுப்பில் மீண்டும் இருபதுக்கு ஏறியது. வெள்ளையன் காலத்து 1922க்கே திரும்பியிருக்கிறோம்!

சிறு முதலாளிகளுக்குத் தொல்லை குறையும் என்கிறார்கள். பத்துப் பேர் உள்ள இடங்களுக்கும் பொது விதிகள் உண்டே என்கிறார்கள். உண்டுதான், ஆனால் தொழிற்சாலைக்கென்றே உள்ள விதிகள் இருபதில்தான் தொடங்குகின்றன. விரலை வெட்டும் எந்திரம் ஆள் எண்ணிக்கை பார்த்தா வெட்டுகிறது?

இது நமக்கு ஏட்டுச் செய்தியல்ல. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து தாராவியில் குடியேறியவர்களின் வழிவந்தவர்கள் நம்மில் பலர். இன்றும் தோல் பைகளும் ஆயத்த ஆடைகளும் அங்குள்ள சின்னஞ்சிறு கூடங்களில்தான் உருவாகின்றன. எட்டுப் பேர், பத்துப் பேர், ஒரே கதவு. உழைப்பு தொழிற்சாலை உழைப்பு; உரிமை மட்டும் இல்லை.

கூலிக்கு உழைக்கும் இடம் எதுவானாலும், அங்கே வேலை நேரத்துக்கு வரம்பு வேண்டும். எந்திரத்துக்குக் காப்பு வேண்டும். தீப்பற்றினால் தப்ப வழி வேண்டும். இவற்றுக்குத் தலைக்கணக்கு கூடாது என்பதே நமது கோரிக்கை.

தோழர்களே, நாளைக் காலை உங்கள் கூடத்தில் எத்தனை பேர் உழைக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு, வருகைப் பதிவேட்டில் எத்தனை பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டு கணக்கையும் எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். நமது வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.