கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி



அண்மையில் கிளிநொச்சிப் பக்கம் ஓர் அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். போரில் கணவரை இழந்தவர். தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். தம்பி வாங்கிக் கொடுத்த தொலைக்காட்சி வீட்டில் இருக்கிறது. எச்.டி. சனல்களுக்கென்று மாதாமாதம் கூடுதல் கட்டணமும் கட்டுகிறார். படமோ மங்கல். "ரீவி சரிவராது, புதுசு எடுங்கோ" என்று பார்க்க வந்தவர் சொல்லிவிட்டாராம். அதற்காகக் கடன் படிவமும் நிரப்பி வைத்திருந்தார்.

"முதலில் பின்பக்கத்தைப் பார்ப்பமா அக்கா?" என்றேன்.

டிகோடர் பெட்டியிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட வயர்தான் போயிருந்தது. அதில் மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. மஞ்சள் வயரால் எச்.டி. படத்தைக் கொண்டு செல்ல முடியாது. நமது நாட்டின் பழைய முறையில் படம் 576 கோடுகளால் ஆனது, எச்.டி. படத்துக்கு 720 அல்லது 1080 கோடுகள். அதற்கு எச்.டி.எம்.ஐ. என்ற தட்டையான முனையுள்ள ஒற்றை வயர் வேண்டும். டிகோடர் வந்த அட்டைப் பெட்டிக்குள் அது பிரிக்கப்படாமலே கிடந்தது!

மின்சாரத்தை நிறுத்திவிட்டு அக்காவே வயரைச் செருகினார். திரும்பப் போட்டு, தொலைக்காட்சி ரிமோட்டில் 'சோர்ஸ்' பொத்தானை அழுத்தி, வயர் செருகிய எச்.டி.எம்.ஐ. இலக்கத்தைத் தெரிந்தார். பல சேவைகளில் ஒரே சனலுக்கு இரண்டு இலக்கங்கள் உண்டு. எச்.டி. என்று குறித்திருப்பதைப் போட்டதும் படம் தெளிந்தது. "அம்மா, எழுத்தெல்லாம் வாசிக்கலாம்!" என்றாள் சின்ன மகள்.

நீங்களும் நான்கு விடயங்களைப் பாருங்கள்: தொலைக்காட்சி எச்.டி.யா? டிகோடர் எச்.டி.யா? வயர் எச்.டி.எம்.ஐ.யா? கட்டும் பொதியில் எச்.டி. சனல்கள் அடங்குகின்றனவா? நான்கில் ஒன்று பிழைத்தாலும் படம் பழைய படமே. டிகோடரின் அமைப்புகளில் படத்தின் அளவு 720 அல்லது 1080 என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயர் வேலை ஆண்களின் வேலை என்று நமக்குச் சொல்லித் தந்துவிட்டார்கள். ஆனால் கடனைக் கட்டுவது நாம்தானே. "என்ன பிழை, காட்டுங்கோ" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவோம். நான் புறப்படும்போது அக்கா அந்தப் படிவத்தின் பின்பக்கத்தில் ஒரு சட்டையின் அளவைக் குறித்துக்கொண்டிருந்தார்.