கார்டு கசிந்தால் கையில் இருப்பது மூன்று நாள்
சிப்காட் வட்டார மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை சிப்காட்டுகளிலும் காக்களூர் தொழிற்பேட்டையிலும் வேலை பார்ப்பவர்கள், அவர்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்கள், ஜி.என்.டி. சாலையில் கடை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறோம். நாங்களும் உங்களைப்போல இங்கே ஷிப்டு பார்த்துப் பிழைப்பவர்கள்தான். எங்கள் கண்ணெதிரே நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

ஒரு லேபர் கான்ட்ராக்டின் வாட்ஸ்அப் குழுவில், புதிதாகச் சேர்ந்த பையன்களிடம் சம்பளம் போட பேங்க் விவரம் கேட்டார்கள். ஒருவர் தன் ஏடிஎம் கார்டை முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்துப் போட்டார். அதைப் பார்த்து அடுத்தவரும் போட்டார். இரவு ஷிப்டு தொடங்குவதற்குள் பதினோரு கார்டுகள் அந்தக் குழுவில் இருந்தன. குழுவில் இருந்தவர்களோ இருநூறு பேருக்கு மேல். கேட்டவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, கொடுத்தவர்களுக்கும் விவரம் தெரியவில்லை.

சம்பளம் போட கார்டு தேவையே இல்லை. பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி கோடு மூன்றும் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் இருக்கின்றன. கார்டில் இருக்கும் 16 இலக்க எண், காலாவதி மாதம், பின்பக்கத்து மூன்று இலக்க சிவிவி ஆகியவை பொருள் வாங்கப் பணம் கட்டுவதற்கானவை. ‘ஓடிபி இல்லாமல் யாரால் எடுக்க முடியும்’ என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். நம் நாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்கும். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் இந்த மூன்று விவரம் இருந்தாலே பணம் போய்விடும்.

படிக்காதவர்களுக்குத்தான் இப்படி நடக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 2024 ஏப்ரலில் ஐசிஐசிஐ வங்கியின் செல்போன் செயலியில், புதிதாக வழங்கப்பட்ட சுமார் 17,000 கிரெடிட் கார்டுகள் தவறுதலாக வேறு வாடிக்கையாளர்களின் கணக்கோடு இணைந்துவிட்டன. செயலியைத் திறந்தவருக்கு முன்பின் தெரியாத ஒருவரின் கார்டு எண்ணும் சிவிவியும் தெரிந்தன. வங்கி அந்தக் கார்டுகளை முடக்கிப் புதிய கார்டு கொடுத்தது. நஷ்டம் ஏற்பட்டால் ஈடுகட்டுவதாகவும் சொன்னது. 2025-ல் இன்னொன்று வெளிவந்தது. கடன் தவணையை மாதாமாதம் கணக்கிலிருந்து பிடிக்க நாம் கையெழுத்துப் போட்டுத் தருகிறோமே, அந்த வகைப் படிவங்கள் 2,73,000 இணையத்தில் பாதுகாப்பின்றித் திறந்து கிடந்தன. பெயர், கணக்கு எண், போன் நம்பர் எல்லாம் அவற்றில் இருந்தன. பைக்குக்கும் செல்போனுக்கும் தவணை கட்டும் நம்மில் எத்தனை பேர் அப்படிப்பட்ட படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்!

நாம் எவ்வளவு கவனமாக இருந்தாலும் நம் விவரம் கசியலாம். கசிந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் பணம் திரும்புவதும் போவதும் இருக்கிறது.

2017 ஜூலை 6-ம் தேதி ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு பிறப்பித்தது. வங்கியின் தவறால் பணம் போயிருந்தால், நீங்கள் எப்போது சொன்னாலும் முழு நஷ்டமும் வங்கிக்குத்தான். தவறு உங்களிடமும் இல்லை, வங்கியிடமும் இல்லை, வேறெங்கோ கசிந்தது என்றால், பணம் போன மெசேஜ் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்துவிட்டால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை. மெசேஜ் வந்த நாள் அந்த மூன்று நாளில் சேராது. நான்கிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் சொன்னால், ஜன்தன் போன்ற அடிப்படைக் கணக்கில் 5,000 ரூபாய் வரையும், சாதாரண சேமிப்புக் கணக்கில் 10,000 ரூபாய் வரையும் நம் தலையில் விழலாம். ஏழு நாளுக்கு மேல் போனால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படிதான். தெரிவித்த 10 வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும்; 90 நாளுக்குள் புகாரை முடிக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான்.

ஆனால் நாமே கார்டு படத்தைக் குழுவில் போட்டிருந்தால், அதை நம் கவனக்குறைவு என்பார்கள். அப்போது வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம் நஷ்டம். தெரிவித்த பிறகு போவது வங்கியின் நஷ்டம். அதனால் படத்தை அழித்துவிட்டோம், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பணம் போகக் காத்திருக்காமல் உடனே கார்டை பிளாக் செய்துவிட்டுப் புதுக் கார்டு வாங்குங்கள்.

அந்தப் பதினோரு பேரில் ஒன்பது பேர் மறுநாளே பிளாக் செய்துவிட்டார்கள். மற்ற இரண்டு பேரால் முடியவில்லை. அவர்கள் கணக்கோடு இணைந்திருந்தது கணக்கு திறந்துகொடுத்தவரின் போன் நம்பர். வங்கியின் மெசேஜ் ஒன்றுகூட அவர்கள் கைக்கு வந்ததில்லை. அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, ஆதாரோடு கிளைக்குப் போய் நின்றார்கள். மூன்று நாள் என்று உத்தரவு சொல்கிறது. மெசேஜே வேறொருவர் போனுக்குப் போனால், அந்த மூன்று நாளை ஏழைத் தொழிலாளி எங்கே போய்த் தேடுவான்? எங்களை மிகவும் வருத்துவது இதுதான்.

கான்ட்ராக்டர்களையும் எச்.ஆர். அலுவலர்களையும் கேட்டுக்கொள்கிறோம். கார்டுப் படம் கேட்காதீர்கள், யாராவது போட்டாலும் அப்போதே நீக்கச் சொல்லி, பிளாக் செய்ய உதவுங்கள். பாஸ்புக் பக்கத்தைக்கூட குழுவில் வாங்காமல் தனியாக வாங்குங்கள். தொழிலாளியின் கணக்கில் அவருடைய நம்பர் இருக்கட்டும், கார்டு அவர் பையிலேயே இருக்கட்டும். பிரவுசிங் சென்டர், ஜெராக்ஸ் கடை நடத்தும் நண்பர்களே, பிரிண்ட் எடுக்க வந்த பாஸ்புக்கும் ஸ்டேட்மென்டும் உங்கள் கம்ப்யூட்டரில் நாள்கணக்கில் கிடக்கின்றன. கடை சாத்துமுன் அழித்துவிடுங்கள்.

கார்டு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நிறுத்தி வையுங்கள். 2020 அக்டோபரிலிருந்து புதுக் கார்டுகள் அது மூடியபடியேதான் வரவேண்டும், ஆனாலும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பணம் போய்விட்டால் வங்கியில் சொன்ன கையோடு 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். வங்கி 30 நாளாகியும் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் 14448 என்ற எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

பக்கத்து ரூமில் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த ஒரு தம்பி இருப்பார். வங்கியின் இங்கிலீஷ் மெசேஜ் அவருக்குப் புரியாமல் போகலாம். இன்று ஷிப்டு முடிந்து போனதும் அவரைக் கூப்பிட்டு, கணக்கில் யார் நம்பர் இருக்கிறது என்று கேளுங்கள். கடைசியாக வந்த மெசேஜைப் படித்துச் சொல்லுங்கள். ஓடிபியையும் பின் நம்பரையும் மட்டும் கேட்காதீர்கள், அதை அவரே அழுத்தட்டும்.

இப்படிக்கு,
கும்மிடிப்பூண்டி, காக்களூர் வட்டாரத் தொழிலாளர்கள் சிலர்