விரலுக்கேற்ற வீக்கம்

வீட்டுக்குப் புதிய மடிக்கணினி வந்ததும் அடுத்து எழும் கேள்வி, "எந்த ரவுட்டர் வாங்கலாம்?" என்பதே. கடைக்காரர் நான்கு கொம்பு முளைத்த கருவியைக் காட்டுவார்; விலையைக் கேட்டு அப்பா தயங்குவார். அவ்வேளையில் நாம் வாய்மூடி நிற்பதா? அதைக்கொண்டு படிக்கப் போகிறவர்கள் நாம். பெட்டியின்மேல் உள்ளதைப் படித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்களும் நாமே.

முதலில், இணைப்பு தந்த நிறுவனத்தின் கருவியிலேயே வைஃபை உண்டா எனப் பார்ப்போம். உண்டெனில் பெரும்பாலும் வேறு செலவே வேண்டாம். இல்லையெனில், நம் இணைப்பின் வேகத்தைக் கேட்டறிவோம். குழாயில் வரும் நீர்தானே குடத்தில் விழும்? 100 மெகாபிட் இணைப்பை எவ்வளவு விலையுயர்ந்த ரவுட்டரும் 200 ஆக்காது.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர் தாண்டிச் செல்லும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரில் தளரும். இரண்டும் உள்ள கருவியே நலம். 2019இல் சான்றளிப்புத் தொடங்கிய வைஃபை 6, மடிக்கணினியிலும் இருந்தால்தான் முழுப்பயன் தரும்.

சிக்கனம் கூடாதது பாதுகாப்பில் மட்டுமே. டபிள்யு.பி.ஏ. 2 அல்லது 2018இல் வந்த டபிள்யு.பி.ஏ. 3 என்னும் பூட்டு இல்லாத பழைய கருவி, இனாமாகக் கிடைத்தாலும் வேண்டாம். கருவியோடு வந்த கடவுச்சொற்களையும் அன்றே மாற்றிவிடுவோம். இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளிக்காமல், வீட்டின் நடுவே உயரத்தில் வைப்போம்.

தோழியரே, மிச்சமாகும் ஒவ்வொரு ரூபாயும் பெற்றோரின் வியர்வை. அதை அறிந்து செலவிடச் செய்வதும் கல்வியின் பயனன்றோ?