‘ஆள் இல்லை’ன்னு நோயாளியைக் கட்டிப்போடலாமா? மனநல வார்டில் நர்ஸின் வேலையும் சட்டம் சொல்வதும்

உங்கள் வீட்டில் ஒருவரை மனநல வார்டில் சேர்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார், சில நிமிடங்கள் பேசுவார், மருந்தை மாற்றி எழுதிவிட்டுப் போவார். மீதி நேரம்? ராத்திரி இரண்டு மணிக்கு அவர் எழுந்து நடக்க ஆரம்பித்தால், மாத்திரையைத் தட்டிவிட்டால், ‘இனிமே எதுக்கு இருக்கணும்’ என்று அழுதால், பக்கத்தில் இருக்கப்போவது நர்ஸ்தான்.

அந்த நேரத்தில் ஒரு வார்டு முழுவதற்கும் ஒரே ஒரு நர்ஸ் இருந்தால் என்ன ஆகும்? இந்தியாவின் மனநலச் சட்டத்துக்கே இது முக்கியமான கேள்வி.

மனநல நர்ஸ் அப்படி என்ன செய்கிறார்?

ஊசி போடுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் உண்டு. ஆனால் இந்த வேலையின் அடித்தளம் வேறு. அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லாவ் 1952-இல் வெளியிட்ட புத்தகத்தில், நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையில் உருவாகும் உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்று வாதிட்டார். இன்றைக்கும் நர்சிங் மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள்.

நடைமுறையில் இது மூன்று வேலைகள். முதலாவது, கவனிப்பது. லித்தியம் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் அது தேவையான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. வாந்தி, வயிற்றுப்போக்கு, கை நடுக்கம், தள்ளாட்டம் வந்தால் ‘சாப்பாடு ஒத்துக்கலை போல’ என்று விட்டுவிட முடியாது. உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். நாள் முழுக்க கூடவே இருப்பவர் கண்ணில்தான் இது முதலில் படும்.

இரண்டாவது, பேசித் தணிப்பது. ஒருவர் கத்த ஆரம்பிக்கும்போது குரலைத் தாழ்த்துவது, தள்ளி நிற்பது, சுற்றிக் கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்வது, ‘என்ன வேணும், சொல்லுங்க’ என்று கேட்பது. சும்மா பேசுவது போலத் தெரியும். ஆனால் பயிற்சியும் நேரமும் இல்லாமல் இது வராது.

மூன்றாவது, வீட்டுக்கு அனுப்பத் தயார்செய்வது. மருந்தை ஏன் நிறுத்தக் கூடாது, நோய் திரும்பினால் முதலில் என்ன தெரியும் என்று நோயாளிக்கும் குடும்பத்துக்கும் புரியவைப்பது.

சட்டம் என்ன சொல்கிறது?

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சங்கிலியை முழுமையாகத் தடை செய்கிறது (பிரிவு 95). தனி அறையில் அடைத்துவைக்கவும் கூடாது. உடலைக் கட்டுப்படுத்துவதற்குப் பிரிவு 97 கடுமையான நிபந்தனைகள் வைக்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான் செய்யலாம். மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும். எப்படி, ஏன், எவ்வளவு நேரம் என்று குறிப்பேட்டில் எழுத வேண்டும். நோயாளியின் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தண்டனையாகச் செய்யவே கூடாது.

அதே பிரிவில்தான் அந்த வரியும் இருக்கிறது: ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி மட்டும் யாரையும் கட்டிப்போடக் கூடாது.

அப்படியானால் பிரச்சினை எங்கே?

ஆள் உண்மையிலேயே இல்லை. 2017-ஆம் ஆண்டின் உலக சுகாதார நிறுவன அட்லஸ் கணக்குப்படி, இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல நர்ஸ்கூட இல்லை, 0.8 பேர்தான். நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, சிகிச்சை தேவைப்படுபவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்கு அது கிடைக்கவில்லை.

சட்டத்தின் வரையறையிலும் ஒரு தளர்வு உண்டு. மனநல நர்சிங்கில் தனிப் பட்டயம் இல்லாமல், பொது நர்சிங் படித்துப் பதிவு செய்தவரும் ‘மனநலச் செவிலியர்’தான். ஆட்கள் குறைவாக உள்ள நாட்டில் இதற்கு நியாயம் இருக்கலாம். ஆனால் பேசித் தணிக்கும் பயிற்சி இல்லாத ஒருவரை ராத்திரி வார்டில் தனியாக விட்டுவிட்டு, சட்டத்தை மட்டும் மதிக்கச் சொன்னால், பழி கடைசியில் அந்த நர்ஸ் மேல்தான் விழும். ஆள் நியமிப்பதும் பயிற்சி கொடுப்பதும் அரசும் நிர்வாகமும் செய்ய வேண்டியவை. அது நடக்காதவரை பிரிவு 97 காகிதத்தில்தான் இருக்கும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

சேர்க்கும்போதே கேளுங்கள்: இரவில் எத்தனை நர்ஸ்கள் இருப்பார்கள்? மனநலப் பயிற்சி பெற்றவர் யாராவது உண்டா? கட்டுப்படுத்த நேர்ந்தால் யாருக்குத் தகவல் சொல்வீர்கள்?

பிரதிநிதியை முன்கூட்டியே நியமிக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அவரும் சம்மதிக்க வேண்டும். சொந்தக்காரராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. குடும்பம் ஒரு ஊரில், வேலை ஒரு ஊரில் என்று இருப்பவர்களுக்கு நம்பிக்கையான ரூம்மேட்கூட இருக்கலாம். விதிமீறல் நடந்தால், மருத்துவமனைப் பொறுப்பாளரிடமும் மனநல மறுஆய்வு வாரியத்திடமும் புகார் கொடுக்கும் உரிமை உண்டு.

உங்களுக்கே இப்போது யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தால், அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.