வெயிட் காட்டிய பட்டு!



இந்த வாரம் ஒரு குட்டி துப்பறியும் கேஸ். ஐரோப்பா, அமெரிக்கா மியூசியங்களில் பழங்காலப் பட்டு கவுன்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். 1700-களில் தைத்த கவுன்கள் பல இன்னும் கல்லு மாதிரி இருக்கின்றன. ஆனால், 1900-ஐ ஒட்டித் தைத்தவை பல, நார் நாராகக் கிழிந்து தொங்குகின்றன. எலி கடிக்கலை, பூச்சி அரிக்கலை. பெட்டிக்குள் மடித்து வைத்த இடத்திலேயே மடிப்பு மடிப்பாக விட்டுப்போயிருக்கு! தாத்தா ஸ்ட்ராங்கா நிற்கும்போது பேரன் ஏன் படுத்துட்டான்?

குற்றவாளி ஒரு உலோகம். பெயர், வெள்ளீயம். அதைக் கூண்டில் ஏற்றுவதற்கு முன்னாடி ஒரு விஷயம். பட்டுக்கும் உலோகத்துக்கும் ஜென்மப் பகை எதுவும் கிடையாது. உலோக அயனிகள் உதவி செய்யாவிட்டால் பட்டு நூலே ஒழுங்காக உருவாகாது!

பட்டுப்புழுவின் உடம்புக்குள் இருக்கிற சுரப்பியில் பட்டு, நூலாக இருப்பதில்லை. தேன் மாதிரி கெட்டியான திரவமாகத்தான் இருக்கிறது. ஃபைப்ராயின் என்ற புரதம் அது. நீள நீளமான சங்கிலிகள். அதில் அங்கங்கே மைனஸ் சார்ஜ் உள்ள இடங்கள். கால்சியம் அயனிக்கு இரண்டு ப்ளஸ் சார்ஜ். அதனால் ஒரு கையில் இந்தச் சங்கிலி, மறு கையில் பக்கத்துச் சங்கிலி என்று பிடித்துக்கொள்கிறது. ஹாஸ்டல் வார்டன் மாதிரி! யாரும் இஷ்டத்துக்கு நகர முடியாது. பொட்டாசியத்துக்கோ ஒரே ஒரு ப்ளஸ்தான். ஒற்றைக் கை. இரண்டு பேரைப் பிடித்து வைக்க அதால் ஆகாது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் இதைச் சோதித்துச் சொன்னார்கள். புழுவிலிருந்து எடுத்த திரவத்தில் கால்சியத்தைச் சேர்த்தால் அது இன்னும் கெட்டியாகிறது. சங்கிலிகள் வரிசையில் நிற்க மறுக்கின்றன. பொட்டாசியத்தைச் சேர்த்தால் வரிசை கட்டி ஒன்றுசேரத் தயாராகின்றன. அதாவது, சேமித்து வைக்க கால்சியம், நூற்க பொட்டாசியம்!

அப்புறம் புழு தலையை ஆட்டி ஆட்டி நூலை இழுக்கிறது. அந்த இழுப்பில் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, பீட்டா ஷீட் எனும் குட்டிக் குட்டிப் படிகங்களாகின்றன. பட்டின் பலமே இதுதான். புல்லட் ப்ரூஃப் ஜாக்கெட்டுக்கான கெவ்லார் இழையை நூற்க நமக்கு அடர் கந்தக அமிலம் தேவைப்படுகிறது. புழுவுக்குத் தண்ணீர் போதும். கில்லாடிதானே!

உலோகத்தை வைத்து இந்தப் பலத்தை இன்னும் கூட்டலாமா? கூட்டிக் காட்டினார்கள். வருஷம் 2009. இடம், ஜெர்மனியின் ஹாலே நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையம். சிலந்தி நூலுக்குள் துத்தநாகம், டைட்டானியம், அலுமினியம் சேர்மங்களை ஆவியாக, கொஞ்சம் கொஞ்சமாக ஊடுருவ விட்டார்கள். அறுந்துபோகும் முன் நூல் தாங்கிய ஆற்றல், கிட்டத்தட்ட 10 மடங்கு வரை எகிறியது! புரதச் சங்கிலிகளுக்கு நடுவே உலோகம் புதுப் பிணைப்பாக உட்கார்ந்துவிட்டது என்று விளக்கம் சொன்னார்கள்.

இப்போ நம்ம கேஸுக்கு வருவோம். கச்சாப் பட்டின் மேல் செரிசின் என்ற பசை இருக்கும். அதைக் கொதிநீரில் நீக்கினால் எடையில் சுமார் கால் பங்கு காலி. பட்டு எடைக்கு விற்கிற சரக்கு. வியாபாரி சும்மா இருப்பாரா? 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய சாயப்பட்டறைகளில் வழி கண்டுபிடித்தார்கள். வெள்ளீய உப்புக் கரைசலில் பட்டை முக்கு, பிறகு பாஸ்பேட், பிறகு சிலிகேட். போன எடை திரும்பி வந்தது. திரும்பத் திரும்ப முக்கியபோது, எடை இரண்டு மடங்கைத் தாண்டிக்கூடப் போனது! துணியும் கனமாக, அழகாகத் தொங்கியது. வாங்கியவருக்கு ஏக சந்தோஷம்.

ஆனால் வெளிச்சமும் வியர்வையும் படப்பட, அந்த வெள்ளீயமே புரதச் சங்கிலிகளை அறுக்கத் துணைபோனது. கடைசியில் 1938-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம், வெயிட் ஏற்றிய பட்டு என்றால் அதை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும் என்று விதி போட்டது. கிழிந்த கவுன்களுக்கோ வைத்தியமே இல்லை. அறுந்த சங்கிலியை மறுபடி கோக்க முடியாதே! மேற்கொண்டு சிதையாமல் இருட்டில், மடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் மியூசியக்காரர்களால் முடிந்தது.

புழுவிடம் இருந்ததும் உலோகம்தான், பட்டறையில் இருந்ததும் உலோகம்தான். புழு அதைப் பிணைக்கவும் விடுவிக்கவும் அளவாக வைத்துக்கொண்டது. பட்டறை, தராசு முள்ளை நகர்த்த அள்ளிக் கொட்டியது.

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு பயோடேட்டா தயார் பண்றீங்களா? ஒரு நிமிஷம்! நீங்க சேர்க்கிற ஒவ்வொரு வரியும் உள்ளே போய் உங்களைப் பிணைக்குதா, இல்லே, வெறுமனே வெயிட் காட்டுதா? முதல் கேள்வியின் வெளிச்சம் பட்டதுமே மடிப்பு தெரிஞ்சுடும், பாஸ்!

அடுத்த வாரம் சந்திப்போம்.