நூறு மீட்டர் மௌனம்

ஆவணி மூலத்தன்று நெல்லையப்பர் கருவூர்ச் சித்தருக்குக் காட்சி கொடுக்க மானூருக்கு எழுந்தருளுகிறார் என்பது திருநெல்வேலிச் சீமையில் குழந்தைகளுக்கும் தெரிந்த சங்கதி. அந்த மானூர்ச் சிவன் கோயிலில், சுமார் கி.பி. 800-இல், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில் பொறித்த சாஸனம் ஒன்று இருப்பது பெரியவர்களிலும் பலருக்குத் தெரியாது. ஊர்ச் சபையில் அமரத் தக்கவர் யார், அமர்ந்தவர் நடந்துகொள்ள வேண்டிய முறை என்ன என்று அது விதிக்கிறது. சபை எடுத்த காரியத்துக்கெல்லாம் முட்டுக்கட்டை போடுகிறவருக்கும், அவருக்குப் பக்கபலமாக நிற்பவருக்கும் 5 காசு தண்டம். பெயர் பெற்ற உத்தரமேரூர்க் குடவோலைச் சாஸனங்களுக்கு ஏறக்குறைய நூறு வருஷம் மூத்தது இது.

நாம் பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அது ஊரில் பங்குடையவர்களின் சபை; சாஸ்திரம் கற்றவர்களின் சபை. தாமிரபர்ணிப் பாசனத்தில் சேற்றில் இறங்கி நாற்று நட்டவளுக்கு அங்கே இடம் ஏது? 1921-இல் சென்னைச் சட்டசபை ஸ்திரீகளுக்கு வோட்டுரிமை வழங்கியபோதும் சொத்துள்ளவர்களுக்கே அது கிட்டியது. 1952-இல் நடந்த பொதுத் தேர்தலில்தான் நாற்று நட்டவளும் மிராசுதாரும் சமமான வோட்டர்களாக வரிசையில் நின்றார்கள்.

சொத்தையும் படிப்பையும் பார்க்கும் விதி ஒழிந்தது. நடத்தையைப் பற்றிய விதி ஒழியவில்லை. 1951-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, வோட்டுப் பதிவன்று சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் எவரும் வோட்டுக் கேட்கக் கூடாது. இன்னாருக்குப் போடாதே என்றும், வோட்டே போடாதே என்றும் சொல்லக் கூடாது. மீறினால் 250 ரூபாய் வரை அபராதம். பதிவு முடிவதற்கு முந்திய 48 மணி நேரம் பொதுக் கூட்டம் கிடையாது. அபேட்சகர் வாடகை வண்டி வைத்து வோட்டர்களை ஏற்றி வருவதும் குற்றம். பணம் கொடுத்தவர் மட்டுமல்ல, வாங்கியவரும் தண்டனைக்குரியவரே. பணப் புழக்கம் காரணமாக 2019-இல் வேலூர்த் தொகுதித் தேர்தலே ரத்தான வெட்கத்தை நாம் மறப்பதற்கில்லை.

இவ்வளவு விதிகளுக்கும் நோக்கம் ஒன்றே. வோட்டர் கடைசியாக நடக்கும் அந்தச் சிறு தூரத்தில் அவர் காதில் வேறு எவர் குரலும் விழக் கூடாது. தம் மனச்சாட்சி ஒன்றையே துணையாகக் கொண்டு அவர் உள்ளே போக வேண்டும்.

கட்சிக்காரர்களை அடக்கப் போலீஸார் இருக்கிறார்கள். நம் வீட்டுக்காரர்களை அடக்குவது யார்? காலைக் காபி ஆறுவதற்குள், "எல்லாரும் இதற்கே போடவேணும்" என்று குடும்பத் தலைவர் உத்தரவு போட்டுவிடுகிறார். வரிசையில் நிற்கும்போது, "சின்னம் ஞாபகம் இருக்கட்டும் அம்மா" என்று மாமியார் மருமகள் காதில் ஓதுகிறாள். 100 மீட்டருக்குள் இதுவும் பிரசாரந்தான் என்று அவளுக்குத் தோன்றுவதே இல்லை. வீடு திரும்பியதும் விசாரணை வேறு! கட்சிக்காரர் செய்தால் அக்கிரமம் என்போம். நாமே செய்தால் பாசம் என்கிறோம்.

கண் தெரியாத, தள்ளாத வோட்டர் 18 வயது நிரம்பிய துணை ஒருவரை அழைத்துப் போகலாம். அந்தத் துணைவர் இரகசியம் காப்பதாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் விதியிருக்கிறது. தாயாரின் கைபிடித்துப் போகும் பிள்ளை, அவள் சொன்ன பொத்தானை அழுத்தினானா, தனக்குப் பிடித்ததை அழுத்தினானா என்பது அவனுக்கும் கடவுளுக்குமே தெரியும். சட்டம் அவனுடைய யோக்கியதையை நம்பித்தான் அவனை உள்ளே விடுகிறது.

வீட்டில் அரசியல் பேச வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தேர்தலுக்கு முன் கூடத்தில் உட்கார்ந்து நன்றாக விவாதிக்கட்டும், குழந்தைகளும் கேட்டுக்கொண்டிருக்கட்டும். வோட்டுப் பதிவன்று மட்டும் வாசற்படியிலேயே அந்த 100 மீட்டர் எல்லை தொடங்கிவிட்டதாக எண்ணிக்கொள்ளட்டும். திரும்பி வந்த பின் யாருக்குப் போட்டாய் என்று மனைவியையோ, மகளையோ, வேலைக்காரியையோ கேளாதிருக்கட்டும். மானூர்ச் சபையார் தண்டம் விதித்து நிலைநாட்டிய ஒழுங்கை, நேயர்கள் தண்டமின்றியே தத்தம் இல்லங்களில் நிலைநாட்டுவார்களாக.