விமான இரைச்சலும் விளம்பர இரைச்சலும்

மும்பையிலிருந்து நியூயார்க்குக்கு நிற்காமல் பறந்தால் ஏறக்குறைய 16 மணி நேரம். பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படும் குமாஸ்தா குடும்பங்களின் தலையில், 25,000 ரூபாய்க்கும் மேற்பட்ட ஹெட்போனைக் கட்டப் பார்க்கின்றன விளம்பரங்கள்.

1978-இல் விமானத்தில் பறந்தபோது பேராசிரியர் அமர் போஸுக்கு உதித்த யோசனை நல்லதே. எதிர்க்கட்ட ஒலி அலையை எழுப்பும் இக்கருவி எஞ்சினின் ஓயாத உறுமலை வெகுவாக அடக்கும். ஆனால், குழந்தையின் அழுகையையும் பக்கத்து இருக்கைப் பேச்சையும் அந்த அளவுக்கு அடக்காது. காதை இறுக மூடினால்தான் அவை குறையும். சில ரூபாய் விலையுள்ள நுரை அடைப்பானைச் சுருட்டிச் சரியாகச் செருகினால் அந்த வேலை நடந்துவிடும்.

மாதந்தோறும் பறப்பவர் வாங்கட்டும். எப்போதோ ஒருமுறை பறப்பவர் அதற்காகக் கடன்படுவது வீண். அந்தப் பணம் பேரக்குழந்தையின் கொலுசுக்கு ஆகட்டும்!